ஈசானிய மூலையில் ஓடும் தண்ணீர்

1991-ல் எனக்குச் சம்பளம் கொடுத்தது ஒரே ஒரு வேலைக்காகத்தான். யாராவது மண்ணைத் தோண்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். காலையில் வடக்குப்பட்டில் சைக்கிளை எடுத்தால், பூமிக்கு அடியில் குழாய் போகிற பாதையோடு நானும் மேலே மிதித்துக்கொண்டு ஒரகடம் வழியாகப் படப்பை வரைக்கும் போவேன். பாலாற்றுப் படுகையில் இறைத்த தண்ணீரை வழியில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோகிற பெரிய இரும்புக் குழாய் அது. நாலடி ஆழத்தில் கிடந்தது. கண்ணில் படாத ஒன்றைக் காவல் காக்கிறவனுக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்கும்? என் மாமா ஒருவர் கல்யாண வீடுகளில் என்னை அறிமுகம் செய்துவைப்பதே இப்படித்தான்: "இவன் பூமிய வேடிக்க பாக்கறான். அதுக்கும் சம்பளம் குடுக்கறாங்க."

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் குழாயைத் துண்டு துண்டாகத்தான் பதித்திருந்தார்கள். ஒரு துண்டின் வாயில் அடுத்த துண்டைச் செருகி, இடுக்கில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்திருந்தார்கள். குழாயின் மேல் கடப்பாரை பட வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் ஆழமாகத் தோண்டினாலே போதும், மண் சரிந்து குழாய் ஒரு விரற்கடை இறங்கும், ஈயம் விட்டுக்கொடுக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் தன் வீட்டு கேட்டுக்குக் கம்பம் நடுகிறேன் என்று இரண்டு இடி இடித்தார். தண்ணீர் தென்னை மர உயரத்துக்கு எழும்பியது. மூன்று நாள் ஏழெட்டு ஊர்ப் பெண்கள் குடத்தோடு ஏரிக்கரைக்கு நடந்தார்கள். நடந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். அன்றிலிருந்து யார் கையில் கடப்பாரையைப் பார்த்தாலும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிடும்.

அந்த வருஷம் படப்பையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கடப்பாரைதான். நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கரும்பச்சையாக நிற்கிற வயல், அடுத்த வாரம் வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டி, ஏதாவது ஒரு நகர் என்று பெயர் வைத்து நிற்கும். குழாய் போகிற வழியைக் காட்ட எங்கள் ஆட்கள் முழங்கால் உயரத்துக்குக் கற்கள் நட்டிருந்தார்கள். தலையில் ஒரு அம்புக்குறி வெட்டி நீலச் சாயம் அடித்திருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடிக்குத் தோண்டவும் கூடாது, கட்டவும் கூடாது. மனை விற்கிறவர்கள் இதை வாங்குகிறவர்களிடம் சொல்வதில்லை. கேட்டால், "அது பழைய சர்வே கல்லு சார், சும்மா நிக்குது" என்பார்கள்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழரை மணி இருக்கும். படப்பைக்குக் கொஞ்சம் முன்னால், புதிதாக விழுந்த மனைகளின் கடைசி வரிசையில் மாவிலைத் தோரணம் தெரிந்தது. பூமி பூஜை என்று தூரத்திலிருந்தே புரிந்தது. கிட்டே போனபோது மேஸ்திரி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அவர் தேங்காயை உடைத்தது நீலச் சாயம் அடித்த என் கல்லின் மேல். கல்லைப் பிடுங்கிப் படுக்கப் போட்டு, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டியிருந்தார்கள்.

சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"இன்னாய்யா பண்றீங்க இங்க?"

"பூமி பூஜை சார். பிரசாதம் எட்த்துக்கோ" என்றார் மேஸ்திரி.

"இது யார் கல்லு தெரியுமா?"

"கல்லுல இன்னா சார் யார் கல்லு? சும்மா நட்டுக்கினு இருந்திச்சு. தேங்கா ஒடைக்க நல்லா கீது."

அதற்குள் நான் மற்றதையும் பார்த்துவிட்டேன். மனையின் வடகிழக்கு மூலையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சிமெண்ட் உறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. உறைக்கிணறு தோண்டப் போகிறார்கள். வட்டத்துக்கு நேர் கீழே என் குழாய். இதைவிட அழகாகக் குறி வைத்துக் குழாயை உடைக்க யாராலும் முடியாது. ஈசானிய மூலையில் கிணறு இருந்தால்தான் வீடு செழிக்கும் என்று மனையடி சாஸ்திரம் சொல்கிறதாம். அந்தச் சாஸ்திரத்தில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை.

மேஸ்திரி கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினேன். மனைக்குச் சொந்தக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். வெள்ளை வேட்டியில், தலையில் நீர் சொட்ட நின்றார். பேசியது அவருடைய மனைவி. முப்பது வயதுக்குள் இருக்கும். புதுப் புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"கடப்பாரைய குடு தம்பி. எட்டரையோட நல்ல நேரம் போயிடும்."

"அக்கா, கீழ பைப் போவுது. ஒடைஞ்சா உங்கள ஜெயில்ல போடுவாங்க."

"ஜெயில்தான? போறேன். நீ தோண்டு மேஸ்திரி."

இத்தனை நாளில் ஜெயில் என்று சொன்னதும் பயப்படாத முதல் ஆள் அவள்தான். கிணற்றைப் பத்தடி தள்ளித் தோண்டுங்கள் என்றேன். மூலை தப்பிப்போய்விடும் என்றாள். தெற்கே தோண்டுங்கள் என்றேன். என்னை அடிக்க வருகிறவள் மாதிரி பார்த்தாள். கடைசியில் ஆத்திரம் தாங்காமல் கத்தினேன்.

"இந்த மூலைல தண்ணிதான வேணும் உங்களுக்கு? காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஆத்துத் தண்ணி இதுக்குக் கீழதான் ஓடிக்கினு இருக்கு. ஒங்க கெணத்துல இதுல பத்துல ஒரு பங்கு ஊறுமா?"

கிண்டலாகத்தான் சொன்னேன். ஆனால் அங்கே யாரும் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

"அட, கரெக்டுதான? ஈசானியத்துல தண்ணி இருக்கணும்னுதான் சாஸ்திரம். கெணறுதான் இருக்கணும்னு யார் சொன்னது?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"நீ சொன்னது நெசமா தம்பி? இல்ல எங்கள வெரட்டறதுக்குச் சொன்னியா?"

"நெசந்தான்."

"காட்டு."

கல்லைப் பிடுங்கிவிட்டதால் குழாய் சரியாக எங்கே போகிறது என்று எப்படியும் நான் தோண்டிப் பார்த்தாக வேண்டும். அவர்களுக்கோ எட்டரைக்குள் மூலையில் மண் எடுத்தாக வேண்டும். இரண்டு வேலையும் ஒன்றாகிப் போனது. கடப்பாரையை என் சைக்கிளோடு கட்டிவைத்துவிட்டு, மண்வெட்டியை மட்டும் கொடுத்தேன். மண்வெட்டியையும் செங்குத்தாகப் போடாமல் சாய்த்துச் செதுக்கச் சொன்னேன். முதல் மூன்று பிடி மண்ணை அவளும் கணவருமாக எடுத்தார்கள். பிறகு மேஸ்திரி இறங்கினார்.

அவர் செதுக்கிக்கொண்டிருந்தபோது லேத்காரர் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. அவ சண்டக்காரி இல்ல. ரெண்டு பிரசவம் ஆச்சு. ரெண்டு கொழந்தயும் அழவே இல்ல. அப்படியே துணில சுத்தி என் கைல குடுத்துட்டாங்க. இப்ப குடியிருக்கற வூட்ல கன்னி மூலைல, தென்மேற்குல, கெணறு. அதாலதான்னு ஒருத்தர் சொல்லிட்டாரு. அன்னிலருந்து ஈசானியத்துல தண்ணி, ஈசானியத்துல தண்ணின்னு இதே பேச்சுதான். அந்த மூலைல தண்ணி இல்லாத வூட்ல குடி வந்து இன்னொன்ன பெத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டா."

எனக்கு வெட்கமாக இருந்தது. கன்னி மூலைக் கிணற்றுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய்வரை வந்தது, நல்லவேளையாக மூடிக்கொண்டேன். அதைவிடப் பெரிய கவலை ஒன்று பிடித்துக்கொண்டது. கோபத்தில் என் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தையை நம்பி இந்தப் பெண் பிள்ளை பெற்றுக்கொள்ளப் போகிறாள்.

மூன்றடிக்குக் களிமண்ணாகவே வந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக ஆற்றுமணல் தட்டியது.

"நிறுத்துங்க. மண்வெட்டியும் வேணாம்" என்றேன்.

குழாய் பதிக்கும்போது அதைச் சுற்றி ஆற்றுமணல் போட்டுத்தான் மூடுவார்கள். களிமண் காட்டில் ஆற்றுமணல் வந்தால் குழாய் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். நானே குழிக்குள் இறங்கிக் கையால் மணலை வாரினேன். ஒரு முழத்துக்குக் கறுப்பாகக் குழாயின் முதுகு தெரிந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது.

என் சைக்கிள் பாரோடு எப்போதும் ஒரு கம்பி கட்டியிருப்பேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, ஒரு முனையில் சின்ன மரக் கிண்ணம். எங்கேயாவது குழாய் கசிகிறதா என்று சந்தேகம் வந்தால் கம்பியைக் குழாய்மேல் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்போம். அதைக் குழாயின் முதுகில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். குழி ஓரத்தில் முட்டி போட்டுக் காதை வைத்தாள். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சும்மா இரு என்று கையைக் காட்டினாள்.

வெகுநேரம் கேட்டாள். எனக்குக் கை வலித்தது.

"அரிசி களையற சத்தமாட்டம் கீது" என்றாள்.

"அதான் தண்ணி."

"நிக்காதா?"

"ராத்திரில மோட்டார நிறுத்துவாங்க. அப்பவும் பைப்புக்குள்ள தண்ணி இருக்கும்."

"அப்ப கெணறுதான்" என்று எழுந்தாள். புடவையெல்லாம் மண். கணவரை இழுத்துக் கேட்கவைத்தாள். மேஸ்திரியும் கேட்டார். பூஜைக்கு வந்திருந்த ஏழெட்டுப் பேரும் வரிசையில் நின்று கேட்டார்கள். ஒரு பெரியவர் கேட்டு முடித்ததும் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் பிரசாதம் வாங்கிக்கொண்டேன். நல்ல தேங்காய். கிணற்றை வடக்குப் பக்கமே பன்னிரண்டடி தள்ளித் தோண்ட ஒப்புக்கொண்டார்கள். கல்லைக் கழுவிப் பழைய இடத்தில் நட்டோம். குங்குமம் மட்டும் போகவே இல்லை.

சித்திரையில் ஒரு அறையும் சமையல்கட்டுமாக வீடு எழும்பி, பால் காய்ச்சிக் குடி வந்துவிட்டார்கள். அதிலிருந்து அந்த மூலை என் கையில் இல்லை, அவள் கைக்குப் போய்விட்டது. தினமும் காலையில் வாசலுக்கு ஒரு கோலம் போட்டாள் என்றால், குழாய் போகிற வழிக்கு இன்னொன்று. கல்லிலிருந்து வேலி வரைக்கும் நீளமாக ஒரு படிக்கோலம், இரண்டு ஓரத்திலும் ஐந்தடி விட்டு செம்மண் காவி. இந்தப் பக்கத்தில் கோலத்தின் மேல் கடப்பாரை வைக்க எவனுக்கும் மனசு வராது. பக்கத்து மனைக்காரர் வேலியோரம் தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டியபோது போய் நின்று சத்தம் போட்டு மூடவைத்தாள். தென்னை வேர் குழாயைச் சுற்றிக்கொள்ளும் என்று நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாள். துளசி மாடம் வைக்கலாமா என்று கேட்டாள். அஸ்திவாரம் தோண்டாமல் மேலாக வைக்கலாம் என்றேன். எத்தனை செங்கல் பாரம் தாங்கும் என்று கேட்டாள். அதற்கு எனக்கே பதில் தெரியவில்லை, எங்கள் என்ஜினியரைக் கேட்டு வந்து சொன்னேன். அவர் ஒரு நாள் ஜீப்பில் வந்து அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, "உன்னை அனுப்பிட்டு இந்தம்மாவை வேலைக்கு எடுத்துக்கலாம்யா" என்றார்.

வைகாசி முடிவில் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று லேத்காரர் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார். சாஸ்திரத்தை நம்பாதவன் நான். ஆனாலும் மாதம் ஏற ஏற, அந்த மூலையைத் தினம் இரண்டு தடவை பார்க்கத் தொடங்கினேன். ஐப்பசி மழையில் மண் இறங்குகிறதா என்று குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குழாய் உடைந்தால் ஊருக்குத் தண்ணீர் நிற்கும் என்பது வேலையின் கவலை. குழாய் உடைந்தால் அவள் மனசு என்ன ஆகும் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் மாமா அதையும் கல்யாண வீட்டில் சொல்லிவிடுவார்.

மார்கழியில் ஒரு நாள் காலை பத்து மணி. நான் ஒரகடம் பக்கம் ஒரு கல்லுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். நம் மேஸ்திரி சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார். அவர் அப்போது அவள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வா சார். தெரு வெளக்குக் கம்பம் நட ஒரு காண்ட்ராக்டர் ஆளுங்க வந்துகினு கீறாங்க. தெருவோரமா கீற அந்த மூலைலதான் நடுவாங்களாம். அந்தம்மா அங்க ஸ்டூல போட்டுக் குந்திக்கினு எழுந்திருக்க மாட்டேங்குது."

அந்த மிதி நான் என்றைக்கும் மிதித்ததில்லை. போனபோது தெருவில் இரும்புக் கம்பங்களோடு ஒரு லாரி நின்றது. நாலு பேர் கடப்பாரையோடு நின்றார்கள். கோலத்தின் நடுவில் ஸ்டூலைப் போட்டு நிறைமாத வயிற்றோடு அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்திருந்தாள். மார்கழிக் குளிரில் முகமெல்லாம் வேர்வை.

காண்ட்ராக்டரின் ஆள் என்னைப் பார்த்ததும் முறையிட்டார். "சார், ப்ளான்ல கீற மாதிரி நடறோம். நாங்க இன்னா பண்றது? இந்தம்மா ஒரு மணி நேரமா நவுர மாட்டேங்குது."

"ப்ளான்ல பைப் போட்டிருக்கா?"

"ப்ளான்ல வூடே இல்ல சார்."

அவரைத் திட்டுவதற்குள் அவள் குறுக்கிட்டாள். "தம்பி, சண்டையெல்லாம் அப்பறம். எவ்ளோ தள்ளி நடணும்னு அளந்து குறி போட்டுக் குடு."

கல்லிலிருந்து டேப்பைப் பிடித்தேன். ஆறடி தள்ளிச் சுண்ணாம்பால் குறி போட்டேன். இதற்கு இந்தப் பக்கம் கடப்பாரை வரக் கூடாது என்று நால்வரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். சரி என்றார்கள். அவள் நால்வர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ஸ்டூலைவிட்டு எழுந்தாள். எழுந்ததும் துளசி மாடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும். காலைலருந்து வலிக்குது."

"காலைலருந்தா? ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா என்னத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. அப்பறம் தோண்டியிருப்பாங்க."

லேத்காரருக்கு அன்றைக்குக் காலை ஷிஃப்ட். ஆட்டோ பிடிக்கப் பெரிய ரோட்டுக்குத்தான் போக வேண்டும். காண்ட்ராக்டரின் ஆளே டிரைவரைக் கூப்பிட்டு லாரியைக் கிளப்பச் சொன்னார். எதிர் வீட்டு அம்மா ஒருவர் அவளோடு முன்னால் ஏறிக்கொள்ள, நானும் மேஸ்திரியும் பின்னால் கம்பங்களின் மேல் உட்கார்ந்துகொண்டோம். பள்ளத்தில் லாரி குலுங்கும்போதெல்லாம் மேஸ்திரி டிரைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் நான், மேஸ்திரி, லாரி டிரைவர், காண்ட்ராக்டரின் ஆள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். போகச் சொன்னாலும் டிரைவரும் அந்த ஆளும் போகவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் அவளோடு சண்டை போட்ட மனுஷன் உள்ளே போகிற கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலைக்கு போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. லேத்காரர் இன்னும் வந்து சேரவில்லை. உள்ளிருந்து வந்த சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

பிறகு குழந்தை அழுதது. ஒரு தடவை அழுது நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்கி விடாமல் அழுதது. நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. காண்ட்ராக்டரின் ஆள் எதற்கென்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "பொம்பளப் புள்ள. நல்லாருக்கு. இங்க பைப்காரர் யாருங்க?"

எழுந்து நின்றேன்.

"அந்தம்மா கேக்கறாங்க. கம்பத்த எங்க நட்டாங்களாம்?"

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கம்பம் ஒன்றையும் இன்னும் இறக்கவில்லை, எல்லாம் லாரியிலேயே கிடந்தன.

"இன்னும் நடவே இல்லன்னு சொல்லுங்க" என்றேன்.

நர்ஸ் உள்ளே போனார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் கையை நீட்டிக் குழந்தையை வாங்கினாளாம்.